இடிந்த கோட்டையும் இடியாத எல்லையும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்காதவர்கள் நம் மாவட்டத்தில் குறைவு. அந்தக் கோயிலைச் சுற்றியிருக்கும் கோட்டையைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

சாலையிலிருந்து கோயிலை நோக்கி நடக்கும்போது முதலில் ஒரு பள்ளத்தைக் கடக்கிறோம். அந்தப் பள்ளம்தான் அகழி. அதற்கு அப்பால் நிற்கும் முதல் வாயில் இராசராசன் கட்டியதல்ல. மராட்டியர் காலத்து வாயில். அதன் இருபுறமும் நீளும் சுவர் கோயில் மதில் அல்ல, கோட்டை மதில். அதற்குப் பிறகுதான் சோழர் எழுப்பிய கேரளாந்தகன் திருவாயிலும் இராசராசன் திருவாயிலும் வருகின்றன. நம் கண் விமானத்தின் உச்சியிலேயே நிற்பதால், காலடியில் கடந்துபோகும் அகழி தெரிவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறு கல்லூரி மாணவர்களோடு அந்த அகழியின் ஓரத்தில் நின்றேன். ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஆறு பேரும் சேரிப் பிள்ளைகள். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். “கோட்டையைப் பார்க்கலாம் வாங்க” என்று கூப்பிட்டிருந்தேன். வந்ததும் ஒரு மாணவர் கேட்டார்: “சார், கோட்டை எங்க இருக்கு?”

“நீங்க நிக்கிற இடமே கோட்டைதான்” என்றேன்.

மாணவி ஒருவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எங்க அப்பாயி இதுவரைக்கும் உள்ள போனதே இல்ல சார். டவுனுக்கு வந்தா ரோட்டுலேருந்தே கோபுரத்தப் பாத்துக் கும்புட்டுட்டு வந்துடுவாங்களாம். போவக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா போவலாம்னும் யாரும் சொல்லலியாம்.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் நடையின் வழியை மாற்றிக்கொண்டோம். முதலில் உள்ளே போக வேண்டாம். கோட்டை இருந்த எல்லையை வெளியிலிருந்தே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் உள்ளே போகலாம். நம் முன்னோர்கள் அப்படித்தானே சுற்றினார்கள்? தில்லைக்குப் போன நந்தனார் ஊருக்குள் நுழையத் தயங்கி மதிலுக்கு வெளியிலேயே வலம் வந்ததாகத்தான் சேக்கிழாரும் பாடி வைத்திருக்கிறார்.

இரண்டு கோட்டைகள்

தஞ்சையில் இருந்தது ஒரு கோட்டை அல்ல, இரண்டு. பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கியது சின்னக் கோட்டை. சிவகங்கைக் கோட்டை என்றும் சொல்வார்கள். அரண்மனையையும் நான்கு ராஜ வீதிகளையும் உள்ளடக்கியது பெரிய கோட்டை. சின்னக் கோட்டை பெரிய கோட்டையின் தென்மேற்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று ஓரளவு முழுமையாக நிற்பது சின்னக் கோட்டைதான். பெரிய கோட்டை துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

இவை சோழர் கோட்டைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. விசயாலயன் 9-ஆம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்தான். அவன் வழிவந்த சோழர்களின் நகரம் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தது. தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததாக மாறவர்மன் சுந்தரபாண்டியன் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். இப்போது நாம் பார்க்கும் மதிலும் அகழியும் இடைக்காலத்தின் பிற்பகுதியில், 16-ஆம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் காலம் தொடங்கி நாயக்கர்கள் எழுப்பியவை. 1676 வாக்கில் ஆட்சிக்கு வந்த மராட்டியர்கள் அவற்றைப் பயன்படுத்தினார்கள். 1799-க்குப் பிறகு நாடு கும்பினியார் கைக்குப் போய், அரசருக்குக் கோட்டையும் அரண்மனையும் மட்டுமே மிஞ்சின. 1855-இல் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி இறந்ததும் அதுவும் போயிற்று. காவல் காக்க அரசன் இல்லாத கோட்டையின் சுவர் நகரம் வளர வளரக் கரைந்தது.

மேற்கிலிருந்து வடக்கு, வடக்கிலிருந்து கிழக்கு என்று நடந்தோம். சில இடங்களில் சுவர் கல்லும் செங்கல்லுமாக நிமிர்ந்து நிற்கிறது. சில இடங்களில் மேல் கல் போய் வெறும் மண்மேடாகக் கிடக்கிறது. பல இடங்களில் வீடும் கடையும் நிற்கின்றன. சுவர் இருந்ததற்குப் பெயர் மட்டுமே சாட்சி.

அலங்கத்து வீடுகள்

அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். மேல அலங்கம், வடக்கு அலங்கம், கீழ அலங்கம், தெற்கு அலங்கம். தஞ்சாவூர்க்காரர்கள் தினமும் முகவரியில் எழுதும் சொல்தான். அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம், மதிலின் மேட்டுப் பகுதி. சுவர் போன பிறகும் சொல் தெருவாக நிற்கிறது. கொடிமரத்து மூலை என்பதும் அப்படித்தான். கீழவாசல், வடக்கு வாசல் என்பவையும் அப்படித்தான். வாசலே இல்லாத இடத்தில் நின்று, “கீழவாசல் ஒரு டிக்கெட்” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அரசர்கள் போன பிறகு அலங்கத்திலும் அகழிக் கரையிலும் குடியேறியவர்கள் யார்? சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள். கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நகரத்தை நம்பி வந்தவர்கள். கோட்டை யாரை வெளியே வைக்கக் கட்டப்பட்டதோ, அவர்களைப் போன்றவர்களே கடைசியில் கோட்டையின் மேல் குடியேறினார்கள்.

வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“எங்க மாமியா காலத்துலேருந்து இங்கதான் தம்பி. அகழிங்கறாங்க. எங்களுக்கு இது குட்டைதான். மழை பேஞ்சா வாசலுக்கு வந்துரும்.”

“வேற எடம் குடுத்தா போயிடுவீங்களாம்மா?”

“குடுக்கற எடம் எங்க இருக்குன்னு பாக்கணும்ல? நாலு வீட்டுல பாத்திரம் தேச்சுக் காலம் தள்ளுறவ நான். பஸ்ஸு ஏறித்தான் வேலைக்கு வரணும்னா, அந்தச் சம்பளம் பஸ்ஸுக்கே போயிடும்.”

அகழியைத் தூர்வாரி அழகுபடுத்தும் திட்டங்களுக்காக, அதன் ஓரத்தில் தலைமுறையாக இருந்த வீடுகள் ஆக்கிரமிப்பு என்ற பெயரில் எடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய கோட்டையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அகழியில் நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். அது எல்லோருக்கும் நல்லது. ஆனால் அதற்காக எடுக்கப்படும் வீட்டுக்கு மாற்று வீடு எங்கே தருகிறோம் என்பதுதான் கேள்வி. நகரத்துக்கு வெளியே, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் எட்டாத தூரத்தில் கொண்டுபோய் விட்டால், சுவர் இல்லாமலேயே ஒரு கோட்டையைத் திரும்பக் கட்டியவர்களாவோம்.

மண் சுமந்தவர்கள்

கிழக்கே பீரங்கிமேட்டில் ஏறினோம். நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி அங்கே இருக்கிறது. நீளம் 20 அடிக்கு மேல். எடை ஏறத்தாழ 22 டன். வார்ப்பில் ஊற்றியதல்ல அது. நீள நீளமான இரும்புப் பட்டைகளைச் சேர்த்து, அவற்றின் மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி அடித்து இறுக்கிச் செய்தது. நானூறு ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தும் துருவேறி உதிராமல் இருக்கிறது. எந்தப் பொறியியல் கல்லூரியும் இல்லாத காலத்தில் இதைச் செய்த கொல்லர்களின் கை எப்படிப்பட்ட கையாக இருந்திருக்கும் என்று மாணவர்கள் தடவிப் பார்த்தார்கள்.

பீரங்கிக்கு இரகுநாத நாயக்கர் காலத்தது என்று பெயர். கோட்டைக்குச் சேவப்ப நாயக்கர் பெயர். அகழியை வெட்டியவர்களுக்கும் மண்ணைச் சுமந்தவர்களுக்கும் பெயர் இல்லை. ஆனால் அந்த மாதிரி உழைப்புக்கு ஒரு சொல் இருக்கிறது. ஊதியம் இல்லாமல் அரசுக்கும் ஊருக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய கட்டாய வேலையை இடைக்காலக் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்றும் ‘அமஞ்சி’ என்றும் சொல்கின்றன. ஏரிக்குக் கரை போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் அப்படித்தான் நடந்தன.

அந்தச் சொல்லின் இன்றைய கதியைப் பாருங்கள். வேலை செய்யாமல் திரிபவனை “வெட்டியாச் சுத்துறான்” என்கிறோம். பயனில்லாத வேலையை “வெட்டி வேலை” என்கிறோம். கூலி வாங்காமல் உழைத்தவனின் பெயர் உழைக்காதவனின் பெயராகிவிட்டது. சுமந்தவனுக்குக் கூலியும் போயிற்று, சொல்லும் போயிற்று.

உள்ளாலையும் புறம்படியும்

தெற்குப் பக்கமாகப் பழைய பேருந்து நிலையம் வழியே மறுபடி பெரிய கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இப்போது உள்ளே போனோம். மாணவர்கள் நேராக நந்தியைப் பார்க்கப் போனார்கள். நான் அவர்களைக் கல்வெட்டுப் பக்கம் கூப்பிட்டேன்.

இராசராசன் இந்தக் கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல். கட்டியதோடு விடவில்லை. யார் என்ன கொடுத்தார், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல் வர வேண்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாவற்றையும் கல்லிலேயே வெட்டி வைத்தான். அந்தக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளியிட்டார்.

அவற்றில் சோழர் காலத் தஞ்சை இரண்டு பகுதியாக வருகிறது. ஒன்று ‘உள்ளாலை’. மற்றது ‘புறம்படி’. உள்நகரம், வெளிநகரம். மடைப்பள்ளித் தெரு, காந்தர்வத் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, சாலியத் தெரு என்று தொழிலின் பெயரில் தெருக்கள். திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ஒரு பெரிய சந்தை. சமைத்தவர், பாடியவர், வில் பிடித்தவர், யானையைப் பார்த்துக்கொண்டவர், நெய்தவர் எல்லோருக்கும் தெரு இருக்கிறது.

“அப்ப நம்ம தெரு சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார்.

நான் காத்திருந்த கேள்வி அதுதான்.

கல்லில் இருக்கும் நம் சேரி

இருக்கிறது. நகரத்துத் தெருக்களின் பட்டியலில் அல்ல, வரிக்கணக்கில் இருக்கிறது.

கோயிலுக்கு நெல் தர வேண்டிய ஊர்களின் கணக்கை அதிகாரிகள் எப்படிப் போட்டார்கள் என்பதை அந்தக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலில் ஊரின் மொத்த நிலத்தையும் அளக்கிறார்கள். அதிலிருந்து விளைச்சல் இல்லாத, வரி போட முடியாத இடங்களைக் கழிக்கிறார்கள். மீதி நிலத்துக்கு வரி. கழிக்கப்பட்ட இடங்கள் எவை? ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு.

ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. ஊர் என்றால் அதில் சேரி சேராது என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. சில ஊர்களில் ‘தீண்டாச்சேரி’ என்றே எழுதியிருக்கிறார்கள். சில ஊர்களில் பறையருக்குத் தனிச் சுடுகாடு இருந்ததையும் எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பிரித்த எல்லை செத்த பிறகும் பிரித்தது. “தீண்டாமை எல்லாம் வெள்ளைக்காரன் வந்து உண்டாக்கியது” என்று சொல்பவர்களுக்கு இந்தக் கல் பதில் சொல்லும்.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு சொல்லும் உண்டு. ‘உழப்பறையர்’. உழவு செய்யும் பறையர் இருக்கும் சேரி என்று குறித்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கோயிலுக்கு வந்த நெல் இந்த ஊர்களின் வயலில் விளைந்தது. அந்த வயலில் உழுதவரின் சேரியைச் சுடுகாட்டோடு சேர்த்து வரியில்லா இடம் என்று கழித்தார்கள். அவர்கள் விளைவித்த நெல் மதிலுக்குள் போயிற்று, அவர்கள் போகவில்லை. அவர்கள் சேரியின் பெயர் மட்டும் எழுத்தாக உள்ளே போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டது. அந்த எழுத்தைப் படிக்க நாம் உள்ளே வரச் சுமார் 930 ஆண்டு ஆயிற்று.

கம்மாணச்சேரி என்பது கைவினைஞர்களின் குடியிருப்பு. காலையில் பீரங்கிமேட்டில் தடவிப் பார்த்தோமே, அந்த மாதிரி வேலை தெரிந்த கைகள் இராசராசன் காலத்திலும் ஊர்நத்தத்துக்கு வெளியில்தான் குடியிருந்தன.

சேரி என்ற சொல்

மாணவி கேட்டார்: “சேரின்னாலே கேவலமாத்தான சார் சொல்லுறாங்க? பஸ் ஸ்டாப்பு பேரக்கூட நாங்க மாத்திச் சொல்லுவோம்.”

தமிழ் படித்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். சேரி என்ற சொல்லுக்கு முதலில் எந்த இழிவும் இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்றே ஒரு காதை உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே வந்து தங்கும் அந்தப் புறஞ்சேரியை அறவோர் வாழும் இடமாகத்தான் இளங்கோ காட்டுகிறார். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது ஒரு பிராமணர் ஊர். அந்த ஊருக்கு 30 குடும்பு, 12 சேரி. பிராமணர்களும் சேரியில்தான் இருந்தார்கள்.

இதே பெரிய கோயிலிலும் பாருங்கள். ஆடலுக்கும் பாடலுக்கும் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடிவைத்தான் இராசராசன். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் பெயர் தளிச்சேரி.

ஆக, சேரி என்பது எல்லோருக்கும் பொதுவான சொல்லாக இருந்தது. மற்றவர்கள் தங்கள் இடத்துக்கு அக்கிரகாரம், தெரு, நகர் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நம்மோடு மட்டும் சேரி தங்கிவிட்டது. சொல்லில் அழுக்கு இல்லை. அதைச் சொல்லும் வாயில்தான் இருக்கிறது. அதனால் பேருந்து நிறுத்தத்தின் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த மாணவியிடம் சொன்னேன்.

எல்லை எப்போதும் இருந்ததல்ல என்பதற்கு இந்தச் சொல்லே சான்று. ஒரு காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒன்றைப் பிறகு மனிதர்கள் பிரித்தார்கள். மனிதர்கள் பிரித்ததை மனிதர்களால் சேர்க்கவும் முடியும்.

1939

சேர்த்த நாளும் வரலாற்றில் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். அழைத்துச் சென்றவர் வைத்தியநாத ஐயர். உள்ளே போனவர்களில் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன். அதே ஆண்டில் மராட்டிய அரச குடும்பத்தின் வழிவந்த பரம்பரை அறங்காவலர் தஞ்சைப் பெரிய கோயிலையும் திறந்துவிட்டார். ஆலய நுழைவைப் பாதுகாக்கும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. 1947-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது.

சட்டத்தால் வாசல் திறந்தது. ஆனால் திறந்தது என்ற செய்தி எத்தனை சேரிக்குப் போய்ச் சேர்ந்தது? அந்த மாணவியின் அப்பாயி இந்தச் சட்டங்களுக்குப் பிறகு பிறந்தவர். இந்த வாசல் அவருக்கு ஒருநாளும் மூடியிருந்ததில்லை. ஆனாலும் அவர் சாலையோடு நின்றுவிட்டார். அவரை எந்த மதில் நிறுத்தியது?

சாதி என்பது செங்கல்லால் கட்டிய சுவர் போன்றதல்ல, அது ஒரு மனநிலை என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் சாதி ஒழிப்பு உரையில் விளக்கினார். சுவரை இடிப்பதைவிட மனத்தை மாற்றுவது கடினம் என்பதுதான் அவர் சொல்லவந்தது. ஆனால் நம் நாட்டில் அந்த மனநிலை அவ்வப்போது செங்கல்லாகவும் எழுந்துவிடுகிறது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து ஒரு சுவர் ஏறத்தாழ 20 ஆண்டு நின்றது. பெரும் போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று 15 அடி அளவுக்கு இடித்து வழி விட்டார்கள். அந்த 15 அடி வழியில் நடந்து முத்தாலம்மன் கோயிலுக்குள் போக 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் குடியிருப்பை ஒட்டி எழுப்பியிருந்த உயரமான சுற்றுச்சுவர் 2019 டிசம்பர் 2 அன்று பெருமழையில் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள்.

தஞ்சைக் கோட்டை எந்தப் பெரிய போராட்டமும் இல்லாமல் போயிற்று. காரணம் எளிது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. பீரங்கிக்கு எதிரி இல்லை. மதிலுக்கு அரசன் இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள எல்லை இன்னும் நிற்கிறது என்றால் அது யாருக்கோ தேவைப்படுகிறது என்றுதான் பொருள். குறைந்த கூலிக்கு ஆள் வேண்டும், சொன்னால் கேட்கும் ஆள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தேவையைக் கேள்வி கேட்காமல் எல்லையை மட்டும் இடிக்க முடியாது.

நீங்களும் நடந்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தஞ்சைக்கு வரும்போது அரை நாள் ஒதுக்கி இந்தச் சுற்றை நடந்து பாருங்கள். மேல அலங்கத்தில் தொடங்கி வடக்கு அலங்கம், கொடிமரத்து மூலை, கீழவாசல், பீரங்கிமேடு என்று வந்து கடைசியில் கோயிலுக்குள் போங்கள். அலங்கத்தில் குடியிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். கல்வெட்டை ஒட்டி நின்று எழுத்துகளைக் கூட்டிப் பாருங்கள். பழைய எழுத்துதான், பழகப் பழகப் பிடிபடும். கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நம் சேரியிலிருந்து நிறைய வர வேண்டும். நம்மைப் பற்றி எழுதியிருப்பதை நாமே படிக்க வேண்டும்.

பிறகு உங்கள் ஊருக்குப் போய் அங்கும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது, நடுவில் இருப்பது வாய்க்காலா, வயலா, வேலியா, சுவரா என்று குறித்துவையுங்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி யாருடைய வயலில் போகிறது என்று எழுதுங்கள். தார்ச் சாலை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, தண்ணீர்க் குழாய் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்றும் எழுதுங்கள். இராசராசனின் அதிகாரிகள் எழுதிவைத்ததால்தான் அன்றைய எல்லை இன்று நமக்குத் தெரிகிறது. இன்றைய எல்லையை நாம்தான் எழுத வேண்டும். கிராம சபையில் மனுவாக வைப்பதற்கும் அந்தக் குறிப்பு உதவும்.

மதியம் கோயிலை விட்டு வெளியே வந்தோம். அகழியைக் கடக்கும்போது எல்லோரும் ஒருமுறை நின்று கீழே பார்த்தார்கள். அந்த மாணவி கைப்பேசியில் வீட்டுக்குப் பேசினார்.

“அப்பாயி, அடுத்த ஞாயித்துக்கெழம ஒன்ன நான் கூட்டிட்டு வர்றேன். ரோட்டுல நிக்க வேணாம். உள்ளயே போயி நம்ம ஊரு பேரு இருக்கான்னு தேடிப் பாக்கலாம்.”

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. மாணவி சிரித்தார். “என்ன புடவை கட்டிக்கிட்டு வரணும்னு கேக்குறாங்க சார்” என்றார்.